பதில்: விண்டோஸ் 11 போட்டதும் திறக்காத பழைய தமிழ் மென்பொருள்

வணக்கம் அண்ணா. சாட்ஸ்வொர்த் கோயில் கணினியில் விண்டோஸ் 11 போட்டபின், காவடி அழைப்பிதழ் அடிக்கும் 1990களின் மென்பொருள் திறக்கவில்லை, பழைய கோப்புகளில் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் தனித்தனிச் சிக்கல்.

கிறுக்கல் எளிது. அந்தக் காலத் தமிழ் ஃபாண்ட்கள் (எழுத்துருக்கள்) பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வைத்தவை. ஃபாண்ட் போனால் அடியில் உள்ள ஆங்கிலம் தெரியும். எழுதியது எதுவும் அழியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் அந்தக் கோப்பைத் தேடி, புதியதில் நிறுவுங்கள். டிஸ்க்கை, விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர் அழித்துவிட்டாரா என்று இன்றே கேளுங்கள், நாளைக்கு வைக்காதீர்கள்.

மென்பொருள்தான் தலைவலி. அது 16 பிட் (ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு, இன்றைய கணினிகளில் 64 பிட்) காலத்தது என்றால் விண்டோஸ் 11இல் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும். 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளச் செய்யும் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ போட்டுப் பார் என்று பலர் சொல்வார்கள், இதற்கு அது உதவாது. சிலவற்றில் நிறுவும் கோப்பு மட்டுமே 16 பிட்டாக இருக்கும். அப்படியானால் பழைய டிஸ்க்கிலிருந்து ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து இயக்கிப் பார்க்கலாம். முடியாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் மென்பொருள்) 32 பிட் விண்டோஸ் ஒன்றை ஏற்றி அதற்குள் ஓட்டுங்கள்.

தைப்பூசத்துக்குள் அழைப்பிதழ் வேண்டுமென்றால் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் புதிதாக அடித்துவிடுங்கள். ஃபாண்டின் பெயரை இங்கே போடுங்கள், பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற எந்த மாற்றி மென்பொருள் சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.