செறிவுக் கணக்குக்காகக் கவலை வேண்டாம், வீட்டை அடகு வைக்கவும் வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க மனைவி மகளோடு என்னிடம் வந்திருந்தார். பெண் நீட் எழுதி பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ் சேர வேண்டும். ஆனால் கரைசல் செறிவுக் கணக்கு வந்தாலே திணறுகிறாள் என்று அம்மாவுக்குக் கவலை. மதிப்பெண் குறைந்தால் வீட்டை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கிவிடலாம் என்பது பெரியப்பாவின் யோசனை.

முதலில் கணக்கு. 80 டச் வெள்ளி என்றால் என்ன என்று அப்பாவிடமே கேட்டேன். "நூறு கிராம் உருப்படியில் எண்பது கிராம் வெள்ளி" என்றார். வகுப்பது மொத்த எடையால். பெண் தவறியது அங்கேதான். கரைசலின் மொத்த அளவால் வகுக்காமல், அதிலுள்ள கரைப்பானால், அதாவது நீரால் மட்டும் வகுத்துக்கொண்டிருந்தாள். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு 0.1 மோல். அதைக் கரைத்து, குடுவையின் 250 மில்லி கோடு வரை நீர் நிரப்பினால் 0.4 மோலார், அதாவது லிட்டர் கரைசலுக்கு 0.4 மோல். 250 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினால் விடை பிசகும். மோலாலிட்டிக்கு மட்டும் கரைப்பானின் கிலோகிராம். எடை சூட்டில் விரிவதில்லை; அதனால்தான் வெப்பநிலை மாறினாலும் மோலாலிட்டி மாறாது. அப்புறம் பல் மருத்துவர் போடும் மரப்பு மருந்தான லிக்னோகெய்ன், 2 சதவீதக் கரைசலில் (100 மில்லிக்கு 2 கிராம்) 1.8 மில்லி எடுத்தால் எவ்வளவு மருந்து என்று கேட்டேன். 36 மில்லிகிராம் என்று பட்டென்று சொன்னாள்.

சரி, கணக்கு தீர்ந்தது. சீட் விஷயத்தில் என்னால் ஆறுதல் சொல்ல முடியாது. பெண்ணிடம் தனியாகப் பேசினேன். கெமிஸ்ட்ரி பிடிக்கிறது, மெஷின் பிடிக்கிறது, பல் வேலையில் துளியும் ஆசை இல்லை என்கிறாள். பிடிஎஸ் பயிற்சியோடு ஐந்து வருடம். முடித்து கிளினிக் வைக்க நாற்காலி, எக்ஸ்ரே என்று மறுபடி முதல் போட வேண்டும். ஆசையில்லாத படிப்புக்குக் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கக் கூடாது.

அவளுக்கு நான் காட்டியது பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் சிகிச்சை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசிஸ் திரவம் ஓடினால் ஒரு தடவைக்கு 120 லிட்டர். அடர்கரைசலை ஆர்.ஓ. நீரோடு கலந்து மெஷினே அதைத் தயாரிக்கிறது. சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும். பொட்டாசியத்தைப் பெரும்பாலும் 2 அளவில் வைப்பார்கள். ரத்தத்தில் மிகுந்திருப்பது திரவத்துக்கு இறங்கிவர அந்த வித்தியாசம் வேண்டும். கலவை மிகவும் நீர்த்துப்போனால் சிவப்பணுக்கள் உப்பி உடையும். உப்பு குறைந்தால் திரவத்தின் மின்கடத்தும் திறனும் குறையும்; அதனால் அதை மெஷின் விடாமல் அளக்கிறது. குழாய் நீரில் உள்ள குளோரினும் குளோரமினும் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடவில்லை என்று தினமும் சோதிக்க வேண்டும். இவளைத் திணறடித்த அதே கணக்கு, அங்கே ஓர் உயிரைக் காக்கிறது.

கஷ்டமும் உண்டு. விடியற்காலை ஷிஃப்ட், ரத்தத்தோடு பழகும் வேலை, தொடக்கத்தில் பெரிய சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டமா, கல்லூரியின் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு உண்மையிலேயே ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் உட்பட மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். பெரியப்பாவிடம் அப்பாவே பேசட்டும். அந்தப் பேச்சுக்குப் பெண்ணை அனுப்பாதீர்கள்.