ஏவிய பிறகு எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

காசினி விண்கலம் சனியில் செய்யவேண்டிய வேலைகளுக்கான தரை மென்பொருளில் (பூமியிலிருந்து கலத்தை இயக்க உதவும் நிரல்களில்) கணிசமான பகுதி, ராக்கெட் கிளம்பிய பிறகுதான் உருவானது என்று எழுதியிருந்தீர்கள். நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. இது பொறுப்பின்மை இல்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

காசினி விஷயத்தில் அப்படி நான் நினைக்கவில்லை. 1997 அக்டோபரில் கிளம்பிய அந்தக் கலம் 2004 ஜூலையில்தான் சனியை அடைந்தது. அதன் கருவிகள் உடலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு கருவி எதையாவது பார்க்க வேண்டுமென்றால் மொத்தக் கலமும் திரும்ப வேண்டும். யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் என்று பங்கிடும் மென்பொருள் சிக்கலானதுதான், ஆனால் ஏவும் நாளில் அது தேவையில்லை. செலவைக் கருதித் தெரிந்தே தள்ளிவைத்தார்கள். 2000 டிசம்பரில் வியாழனைக் கடந்தது நல்ல ஒத்திகையாகவும் அமைந்தது.

உங்கள் பயம் பொருந்தும் இடம் வேறு. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பரில் ஏவப்பட்டு, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயில் தொலைந்தது. அலகுக் குழப்பம் என்று எல்லாரும் சொல்வார்கள். தரை மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விநாடியில் கொடுத்தது, பாதை கணிப்பவர்கள் அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் 4.45 மடங்கு. அது சரிதான், ஆனால் அந்தப் பிழை பயணம் முழுக்க எப்படி உயிரோடு இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முந்தைய செவ்வாய்க் கலமான மார்ஸ் குளோபல் சர்வேயருக்காக எழுதிய நிரலில், அலகை மாற்றும் அந்த 4.45 இருந்தது. சூத்திரத்துக்குள் புதைந்து, விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல் இருந்தது. புதிய கலத்தின் உந்திகளுக்காக (கலத்தைத் திருப்பும் சிறு எந்திரங்களுக்காக) சூத்திரத்தை மாற்றியவர்கள் கண்ணில் அது படவில்லை, விட்டுப்போனது. அப்புறம் ஏவிய முதல் நான்கு மாதங்கள் அந்த மென்பொருள் தந்த கோப்புகளைப் பயன்படுத்தவே முடியவில்லை, வடிவத்திலேயே பிழைகள். உந்திகள் எரிந்த செய்தி மின்னஞ்சலில் வந்தது, அதை வைத்தே பாதையைக் கணித்தார்கள். ஏப்ரலில் கோப்புகள் சரியாகி வந்த ஒரே வாரத்தில், எண்கள் பொருந்தவில்லை என்று தெரிந்துவிட்டது. பேசினார்கள், ஆனால் முறைப்படி பதிவுசெய்து விடை காணும்வரை யாரும் துரத்தவில்லை.

பாதை கணிக்கும் குழு, கலத்தை வடிவமைத்த காலத்தில் கூடவே இருக்கவில்லை. ஒரு பக்கம் மட்டுமே இருந்த சூரியத் தகட்டை வெயில் தள்ளும், அதைச் சமன்செய்ய உந்திகள் எதிர்பார்த்ததைவிடப் பத்துப் பதினான்கு மடங்கு அதிகமாக இயங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிய விஷயம் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்குப் பிழை சேர்ந்துகொண்டே போக, செவ்வாய்க்கு மேலே 226 கிலோமீட்டர் உயரத்தில் போகவேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

அதனால், எப்போது எழுதினார்கள் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. அடுத்த கட்டத்தில் அந்தத் திரைமுன் உட்காரப் போகிறவர், முந்தைய கட்டத்தின் கூட்டங்களில் இருந்தாரா? ஒரு குழு தரும் கோப்பை இன்னொரு குழு கடைசிவரை ஓட்டிப் பார்த்ததா? இங்கே இரண்டுமே நடக்கவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை 1999 நவம்பரில் வெளியானது, இணையத்தில் கிடைக்கிறது. பரிந்துரைகளை அப்புறம் பார்க்கலாம், காரணங்களைச் சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள்.