வாசகர் கேள்விகள்: பேஸ் கிட்டார் வாங்குவதும் வாசிப்பதும்

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்து கிட்டார் வாசித்து வருகிறேன். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்க ஆளில்லாததால் அந்தப் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, 25,000 ரூபாயையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டாராகிய பேஸை வாசிப்பவருக்குக் கிட்டார் பாதி என்றால், ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் மறுபாதி. சாதாரண கிட்டாருக்காகச் செய்த சிறிய ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசித்தால், கீழ்த் தந்தியின் அசைவைத் தாங்க முடியாமல் அதன் ஸ்பீக்கர் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஆகவே கிட்டாருக்கு 14,000 அல்லது 15,000 ரூபாய் ஒதுக்கிவிட்டு, மீதிப் பணத்தில் பேஸுக்கென்றே செய்யப்பட்ட 25 வாட் அளவிலான பயிற்சி ஆம்ப், சுருதி சரியா என்று காட்டும் ஒரு டியூனர், உறுதியான கேபிள் ஆகியவற்றை வாங்குங்கள். டிரம்ஸுடன் சேர்ந்து வாசிக்க 25 வாட் போதாது. மேடையில் மைக்செட்டில் இணைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிக் கீழே வள்ளியூர் வாசகருக்கு எழுதியிருக்கிறேன்.

நான்கு தந்தியே போதும். ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டும் நான்கு தந்திகளில் மிகக் கனமான ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்தாவதாகச் சேரும் பி தந்தி 31 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை நீங்கள் வாங்கப்போகும் ஆம்பால் தெளிவாகத் தர முடியாது. வாசிக்கும்போது அடக்கி வைக்க வேண்டிய தந்தியும் ஒன்று கூடிவிடும்.

கடைகளில் கிடைக்கும் பேஸ்களில் பெரும்பாலானவை, லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸையோ, அவருடைய நிறுவனம் 1960-இல் வெளியிட்ட ஜாஸ் பேஸையோ பின்பற்றியவை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு அனுப்பும் பகுதிக்குப் பிக்அப் என்று பெயர்; பிரிசிஷன் வகையில் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்அப் இருக்கும். ஒலி தடிப்பாக, நடுவில் நின்று கேட்கும். ஜாஸ் வகையில் இரண்டு பிக்அப்கள் இருப்பதால் ஒலியை மாற்றிக்கொள்ள வழி அதிகம். கழுத்தும் தலைப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் கிட்டாரிலிருந்து வருபவருக்குப் பிடி எளிதில் வசப்படும். ஆனால் அதில் ஒரு பிக்அப்பை மட்டும் திறந்து வைத்தால் இரைச்சல் கேட்கும். இரண்டையும் முழுமையாகத் திறந்தால் அடங்கிவிடும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்களுக்கு நான் ஜாஸ் வகையையே சொல்வேன்.

கடையில் வாசித்துப் பார்க்கும் முன், ஈ தந்தியை, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுகளுக்கு மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் கழுத்து சரியாக இருக்கிறது. இடைவெளியே இல்லையென்றாலோ, மிக அதிகமாக இருந்தாலோ, கழுத்தின் உள்ளே இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பிச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் அந்தக் கிட்டார் வேண்டாம். அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாகக் காட்டினால் தந்தியின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜில், தந்தி உட்கார்ந்திருக்கும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். இது திருப்புளியால் செய்யக்கூடிய சிறு வேலைதான். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக எல்லாத் தந்திகளையும் மெதுவாக வாசித்து, எங்கேனும் தந்தி தட்டி இரைகிறதா என்று கேளுங்கள். பொறுமையாகச் செய்யுங்கள், கடைக்காரர் காத்திருப்பார்.

வாசிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் விரல்களுக்கு வேகம் ஏற்கெனவே வந்திருக்கும். பேஸில் முதலில் பழக வேண்டியது சுரத்தை நிறுத்துவது. ஒரு சுரம் எப்போது தொடங்குகிறதோ அதே அளவு கவனத்தோடு எப்போது முடிகிறது என்பதையும் தீர்மானித்தால்தான் தாளம் நிற்கும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றைக் கொண்டே வாசித்தவர். அவர் கையில் இருந்தது ஒரு பிரிசிஷன் பேஸும் பழைய தந்திகளும்தான். இளையராஜாவின் இசைக்குழுவில் சசிதரன் வாசித்ததையும், ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஹெட்ஃபோனில் கேட்கும்போது, அவர்கள் எங்கே கையை எடுத்து ஒலியை அடக்குகிறார்கள் என்பதை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்காற்றில் பேஸ் தந்திகள் விரைவில் துருப்பிடித்து விடுகின்றன. புதுத் தந்தி விலையோ அதிகம். என்ன செய்வது?
— வாசகர், உவரி

பதில்: வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வைத்து மூடுங்கள். கை வியர்வையில் உள்ள உப்பும் காற்றில் வரும் உப்பும் சேர்ந்துதான் தந்தியைத் தின்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது ஃபிளாட்வவுண்ட் தந்தியை வாங்குங்கள். அதில் மேற்சுற்று தட்டையாக இருப்பதால் அழுக்கும் ஈரமும் தங்கும் பள்ளங்கள் குறைவு. விலை கூடினாலும் பல ஆண்டுகள் வரும். பளீரென்ற ஒலி கிடைக்காது. ஆலயப் பாடல்களுக்கும் பழைய மெல்லிசைக்கும் அது குறையே அல்ல.

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அக்கா இருக்கிறார்கள். நான் பேஸ் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து பாமாலைப் பாடல்கள் குழம்பிக் கேட்கின்றன என்று சபையார் சொல்கிறார்கள். கீர்த்தனைகளில் இந்தக் குழப்பம் குறைவாக இருக்கிறது. தவறு எங்கே?
— வாசகர், நாசரேத்

பதில்: உங்கள் அக்காவின் இடது கையும் உங்கள் பேஸும் ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு சுரங்களைச் சொல்கின்றன என்று நினைக்கிறேன். மேல்நாட்டு முறையில் அமைந்த பாமாலை மெட்டுகள் பெரும்பாலும், உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை, சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டவை. சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டமான கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாசிப்பவர் சி என்று கண்டதும் சி சுரத்தையே பிடிப்பார். ஆனால் அந்த இடத்தில் பேஸ் குரலுக்கு ஈ எழுதப்பட்டிருக்கலாம். கீபோர்டில் அதுதான் ஒலித்துக்கொண்டிருக்கும். தாழ்ந்த இடத்தில் இரண்டு சுரங்கள் நெருங்கி நின்றால் காதால் அவற்றைப் பிரிக்க முடியாது, உறுமல்தான் கேட்கும்.

ஆகவே கார்டு தாளை மூடி வைத்துவிட்டு, ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனிலோ, எழுத்துகளால் எழுதும் டோனிக் சொல்ஃபாவிலோ உங்கள் சபையில் இருக்கும் புத்தகத்தை எடுத்து, கடைசிக் குரலின் வரியை அப்படியே வாசியுங்கள். அது ஏற்கெனவே பாடுவதற்காக அழகாக அமைக்கப்பட்ட வரி. படிப்படியாக ஏறி இறங்கும். இதைவிட நல்ல பேஸ் பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது என்பதே என் எண்ணம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பேஸ் கிட்டார், எழுதியிருப்பதைவிட ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே ஒலிக்கும் வாத்தியம். பேஸ் குரலில் பாடும் பெரியவர்களின் குரலோடு ஒரே உயரத்தில் நிற்க விரும்பினால் ஓர் ஆக்டேவ் மேலே வாசியுங்கள். சபை முழுவதும் சேர்ந்து பாடும் கடைசிச் சரணத்தில் கீழே இறங்குங்கள். அக்காவிடம், நீங்கள் வாசிக்கும் பாடல்களில் இடது கையை நடு சி சுரத்தின் அருகே ஏற்றி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கீர்த்தனைகளில் குழப்பம் குறைவதற்குக் காரணம், அங்கே இராகமும் தாளமுமே அடிப்படையாக இருப்பதும் கார்டுகள் அடிக்கடி மாறாததும்தான். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு தாளத்தோடு போனாலே நிறைவாக இருக்கும். ஆனால் இந்தோளம் போலப் பஞ்சமமே இல்லாத இராகத்தில் வழக்கம்போலப் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டால் பாடுபவருக்கு இடறும். அங்கே மத்திமத்தை நாடுங்கள்.

மேலும், பாளையங்கோட்டை கதீட்ரலைப் போன்ற உயரமான ஆலயங்களில் தாழ்ந்த ஒலி உடனே அடங்குவதில்லை. முந்தைய சுரத்தின் எதிரொலி மேல் அடுத்த சுரம் வந்து விழும். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு சுரத்தையும் அதன் முழு அளவுக்கு இழுக்காமல் சற்று முன்னதாகவே அடக்குங்கள். மீதியைக் கட்டடமே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் மெல்லிசைக் குழு அம்மன் கோவில் கொடை விழாக்களில் வாசித்து வருகிறது. மேடையில் தெளிவாகக் கேட்கும் பேஸ், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெறும் உறுமலாகக் கேட்கிறதாம். சில ஊர்களில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. வழி சொல்லுங்கள்.
— வாசகர், வள்ளியூர்

பதில்: ஷாக்கை முதலில் கவனியுங்கள், அது உயிரைக் கொண்டுபோகக்கூடியது. பேஸின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் மேலுறை வழியாகவும் ஆம்பின் எர்த்துடன் இணைந்திருக்கின்றன. ஆம்புக்கு எர்த் இல்லாமல் போனாலோ, ஆம்ப் ஓர் இணைப்பிலும் மைக்செட் வேறோர் இணைப்பிலும் இருந்தாலோ, தந்தியைத் தொடும் கைக்கும் மைக்கைத் தொடும் உதட்டுக்கும் நடுவே உங்கள் உடல் வழியாக மின்சாரம் பாயும். மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள தடித்த பின் எர்த்துக்கானது. அது நுழையவில்லை என்று இரண்டு பின் மாற்றியில் செருகுவதும், அந்தப் பின்னை உடைத்து எறிவதும் பல மேடைகளில் நடக்கிறது. உங்கள் குழுவில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். மேடையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும், மைக்செட்டின் மிக்சருக்கும், ஒரே இடத்திலிருந்து எர்த்துடன் கூடிய இணைப்பைத் தரும்படி மைக்செட்காரரிடம் கேளுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் கொடை என்றால், அதற்கு எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேடை ஏறுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்திய இணைப்புப் பெட்டி ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து குழுவின் பொருளாகவே வைத்துக்கொள்ளுங்கள். புது ஆம்ப் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

அடுத்தது ஒலி. மேடையிலிருந்து மிக்சர் வரை சாதாரண கிட்டார் கேபிளை நீட்டினால் மேல் ஒலி தேய்ந்து இரைச்சல் சேரும். கிட்டாருக்கு அருகிலேயே கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள். உங்கள் பேஸில் பேட்டரி இல்லை என்றால் ஆக்டிவ் டிஐ பொருந்தும். 9 வோல்ட் பேட்டரி போட்ட பேஸ் என்றால் விலை குறைந்த பாஸிவ் டிஐ போதும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். இரைச்சல் வந்தால் அதை அழுத்தலாம். அது சிக்னல் கேபிளின் இணைப்பை மட்டுமே துண்டிக்கிறது, கரண்ட் எர்த்தைத் தொடுவதில்லை.

உறுமலுக்குக் காரணம், மைக்செட்காரர் பேஸ் என்றதும் கீழ் ஒலியைக் கூட்டிவிடுவதுதான். ஈ தந்தியின் 41 அதிர்வை அங்குள்ள பெட்டிகளில் பல சரியாகத் தருவதில்லை. கூட்டிக் கொடுத்தாலும் ஸ்பீக்கர் திணறத்தான் செய்யும். அதன் மேலெழும் 82, 123 என்ற அதிர்வுகள் தெளிவாகக் கேட்டாலே காது அடிச்சுரத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும். 40 அதிர்வுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டச் சொல்லுங்கள். 700, 800 அதிர்வு அளவில் சற்றே கூட்டச் சொல்லுங்கள், அப்போது விரல் படும் ஓசை பந்தலின் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும். மின்னணுத் தாளக் கருவியான ஆக்டோபேடில் கிக் என்ற பெரிய டிரம்மின் ஒலியை வாசிப்பவரோடு பேசிவைத்துக்கொண்டு, கிக் விழும் இடத்தில் தொடங்கி அடுத்த அடிக்கு முன் சுரத்தை அடக்குங்கள். இப்படி நீங்கள் வாசித்தால் மைக்செட்காரருக்கு வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: எங்கள் பெரியப்பா வில்லிசைக் குழு நடத்துகிறார். அதில் பேஸ் சேர்த்து வாசிக்கட்டுமா என்று கேட்டேன்; யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அது பொருந்துமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பெரியப்பா யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. வில்லிசையில் தாழ்ந்த ஒலிக்குக் குடம் ஏற்கெனவே இருக்கிறது. குடத்தின் வாயில் அடி விழும்போது எழும் அந்தக் கும்மென்ற ஒலியின் மேல் நீங்களும் ஒரு சுரத்தை வைத்தால் குடம் காணாமல் போய்விடும். குடம் அடிக்காத இடங்களில் மட்டும், பிரிட்ஜுக்கு அருகே தந்திகளின் அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி ஒலியைக் குறுக்கிக்கொண்டு வாசித்தால் பொருந்தும். பாடுபவரின் சுருதி ஹார்மோனியத்தின் கட்டைகளுக்கு நடுவே நின்றால், டியூனர் அடிப்படையாகக் கொள்ளும் 440 என்ற அதிர்வு அளவை மாற்றி வைத்து உங்கள் தந்திகளை அவருக்கு ஏற்பக் கூட்டுங்கள். அவரை உங்களுக்கு ஏற்ப மாறச் சொல்லாதீர்கள். கதையை வசனமாகச் சொல்லும் பகுதிகளில் உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்து முற்றிலும் அமைதியாக இருங்கள். முதலில் ஒத்திகையில் ஒரேயொரு பாட்டுக்கு வாசித்துக் காட்டி, குடம் அடிப்பவருக்கு அது இடைஞ்சலாக இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிட்டு, பிறகு பெரியப்பாவிடம் பேசுங்கள்.