ஏற்காட்டில் 5 சென்ட்: பத்திரம் பதிவானால் போதுமா?

ஏற்காட்டில் விலை குறைவாக 5 சென்ட் மனை வருகிறது, பத்திரம் பதிவாகிவிடும் என்கிறார் புரோக்கர், வீடு கட்ட வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பத்திரம் மட்டும் போதாது. புரோக்கர் சொல்வதுபோல் பத்திரம் பதிவாகலாம். அது வீடு கட்டும் அனுமதி ஆகாது. அட்வான்ஸ் இப்போது கொடுக்க வேண்டாம்.

ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகிறது (ஹாக்கா என்பார்கள்). மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து ஈடாகாது. விலை குறைவு என்றால் பெரும்பாலும் பழைய காபித் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்பார்கள்.

சர்வே எண் கேளுங்கள். தர இழுத்தடித்தால் அதோடு விட்டுவிடலாம். கொடுத்தால் பதிவுத்துறைத் தளத்தில் 30 வருட வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். ஒரே சர்வே எண்ணில் வரிசையாகச் சின்னச் சின்னக் கிரயங்கள், அதிலும் ‘பிரிபடாத பாகம்’ என்ற சொல் வந்தால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் துண்டுக்குத் தனி எல்லையே இல்லை என்று அர்த்தம். அப்புறம் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள்.

இரண்டு வகை மட்டும் தனி. கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) உள்ள பழைய வீடு என்றால் கதை வேறு. அரசு ஒப்படை நிலம் (அரசு ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது) என்றால் விற்கவே நிபந்தனை இருக்கும். இந்த இரண்டில் எதுவானாலும் பத்திரங்களைச் சேலத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

பெங்களூர் வேலையை ஏற்காட்டில் இருந்தே பார்க்கப் போகிறீர்கள், சரி. மழை நாளில் அந்த மனையில் நின்று ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். புரோக்கர் வெயில் நாளில்தான் கூட்டிப்போவார்.