வாசகர் கேள்வி-பதில்: பாட்டைத் திருத்துவது மோசடியா?

கேள்வி: இப்போதெல்லாம் பாடகர்களின் குரலைக் கம்ப்யூட்டர்தான் சுதி சேர்க்கிறதாமே! அப்படியானால் சின்ன வயதிலிருந்து சாதகம் செய்கிறவர்கள் எல்லாம் ஏமாளிகளா, அம்மா?
- இசை பயிலும் மாணவி

பதில்: நிச்சயமாக இல்லை, கண்ணு. ஒலிப்பதிவுக்கூடத்தில் நான் தினமும் செய்கிற வேலையே இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாடியதை மென்பொருளில் போட்டால் குரலின் சுருதி ஒரு கோடாகத் திரையில் ஓடும். நல்ல பாடகரின் கோடு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி ஏறும், போய்ச் சேர்ந்த இடத்திலும் லேசாக அசையும். திருத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பூஜ்யமாக வைத்தால், அதாவது உடனுக்குடன் திருத்தச் சொன்னால், வழுக்கலும் அசைவும் போய், கோடு படிக்கட்டாகிவிடும். ஷெர் என்ற அமெரிக்கப் பாடகி பாடி 1998-இல் வெளிவந்த 'பிலீவ்' பாட்டில் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். அது காதுக்குத் தெரிகிற அலங்காரம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

காதுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் நேராக்கிவிடுகிற பழக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ஒரு சொல்லில் குரல் லேசாகத் தழைந்தால் அது சில சமயம் பிசகு. சில சமயம் அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கும். இப்படிச் சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோ-ட்யூனை 1997-இல் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வலைகளை அலசியவர். அவருடைய கணிதம் அலையை அளக்கும். எந்தத் தழைவை விட்டுவைப்பது என்பதை ஒரு மனிதர்தான் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நன்றாகச் சாதகம் செய்தவர் பாடினால் நான் மவுஸைத் தொட வேண்டிய இடமே குறைவு. அப்புறம், எதைத் தொடக்கூடாது என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவார். சாதகத்தை விடாதே.

கேள்வி: பாட்டுகள் ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டன? நமக்குப் பொறுமை போய்விட்டதா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: பொறுமையை மட்டும் குறை சொல்ல முடியாது, சார். பாட்டின் நீளத்தில் கருவிக்கு எப்போதுமே பங்கு உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் பாடியவர்களும் அதற்குள் அடங்கப் பழகினார்கள். 1948-இல் எல்.பி. தட்டு வந்ததும் ஒரு பக்கமே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. இன்று ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒருவர் கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடித்து வைக்க வேண்டுமே! முன்னிசை சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த பாட்டைச் செயலி தேர்ந்தெடுக்க விடாமல், ஒரு முழு ஆல்பத்தை நீங்களே போட்டுக் கடைசிவரை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகள் நன்றாக வரைகிறாள். ஆனால் ஏஐ நொடியில் வரைந்து தள்ளுகிறது. இனி எதற்கு ஓவிய வகுப்பு?
- ஓர் அப்பா

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். 1839-இல் புகைப்படம் வந்த பிறகு, சின்னச் சின்ன உருவப்படம் வரைந்து பிழைத்தவர்களின் தொழில் நசிந்தது உண்மை. ஏஐ-யாலும் சிலர் பிழைப்பு போகும். இணையத்தில் இருந்த படங்களை, வரைந்தவர்களைக் கேட்காமலே எடுத்து அதற்குப் பயிற்சி கொடுத்தது பெரிய அநியாயம். ஆனால் 1841-இல் ஜான் ராண்ட் என்ற ஓவியர், வண்ணம் அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கலந்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் வந்ததும் வெளியே போய் வெயிலைப் பார்த்து வரைவது சுலபமாகிவிட்டது. எந்தக் கருவி எந்தக் கதவைத் திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. உங்கள் மகள் ஒரு கையை வரையும்போது விரல் எங்கே மடங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கவனிக்கிறாள். அந்தப் பார்வைக்காகவாவது வகுப்பு வேண்டும்.

கேள்வி: நாள் முழுக்க ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். காது கெட்டுவிடுமா?
- அலுவலக ஊழியர்

பதில்: சத்தத்தைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பல போன்களில் ஒலி அளவைக் காட்டும் வசதி இருக்கிறது, இன்றே பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ங்கொய்' என்ற சத்தம் நிற்கவில்லை என்றால், காது டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.