சர்வீஸைத் தவறவிட்டால் மின்சார மோட்டார் சைக்கிளின் பேட்டரி வாரண்டி போய்விடுமா?

கேள்வி: மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. பேட்டரிக்கு மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு சர்வீஸைத் தவறவிட்டேன்; செயினையும் பிரேக் பேடையும் வெளி மெக்கானிக்கிடம் மாற்றினேன். இப்போது முழு சார்ஜில் முன்பு ஓடியதில் பாதித் தூரமே ஓடுகிறது. பராமரிப்பு விதியை மீறியதால் வாரண்டி செல்லாது என்று நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது. இந்த வண்டியில்தான் பொருள் விநியோகம் செய்து பிழைக்கிறேன். வழக்குத் தொடர முடியுமா?

பதில்: முடியும். தவறவிட்ட சர்வீஸுக்கும் பேட்டரியின் பழுதுக்கும் என்ன தொடர்பு என்பதே உங்கள் வழக்கில் முதன்மையாக ஆராயப்படும் என்பதால், அதற்கேற்ற சான்றுகளை இப்போதே திரட்டத் தொடங்குங்கள்.

மின்சார வண்டியில் என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் போன்றவை இல்லை. செயின் அல்லது பெல்ட், பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், பேரிங், மின் இணைப்புகள் ஆகியவற்றைப் பார்ப்பதுதான் வழக்கமான பராமரிப்பு. செயினையோ பிரேக் பேடையோ வெளியில் மாற்றியதால் பேட்டரியின் செல்கள் வலுவிழந்தன என்று எந்தப் பொறியாளரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் தவறவிட்ட சர்வீஸில் பேட்டரி மேலாண்மை அமைப்பின் (பேட்டரியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி) மென்பொருளைப் புதுப்பிப்பதோ, திரவக் குளிரூட்டல் உள்ள வண்டியாயின் கூலன்ட் சோதனையோ இடம்பெற்றிருந்தால், நிறுவனத்தின் வாதத்துக்கு ஓரளவு வலு உண்டு. ஆகவே உரிமையாளர் கையேட்டில் அந்த சர்வீஸுக்குரிய பட்டியலை வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, ஓடும் தூரம் குறைந்தது என்பது மட்டும் பேட்டரி பழுதுக்குச் சான்றாகாது. டயரில் காற்று குறைவு, அதிகச் சுமை, வேகம், குளிர் ஆகியவற்றாலும் தூரம் குறையும். பேட்டரியின் கொள்திறன் எத்தனை சதவீதம் எஞ்சியுள்ளது என்ற அளவீட்டறிக்கையையே நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். வாரண்டிப் பத்திரத்தில் அதற்கென ஒரு வரம்பு இருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். செல்களின் மின்னழுத்தம், வெப்பநிலை, சார்ஜ் சுழற்சி முதலியவை மேலாண்மை அமைப்பில் பதிவாகும் என்பதால், அந்தப் பதிவின் நகலையும் எழுத்து மூலம் கோருங்கள். அது நிறுவனத்தின் கைவசம் இருந்தும் தர மறுத்தால், அந்த மறுப்பே பின்னர் உங்களுக்குத் துணையாகும். அதே பதிவு உங்களுக்கு எதிராகவும் பேசக்கூடும். சார்ஜ் முற்றிலும் தீர்ந்த நிலையில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தால் லித்தியம் செல்கள் பாதிக்கப்படும்; அப்படி நேர்ந்திருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

எக்காரணத்தைக் கொண்டும் பேட்டரியின் முத்திரையை வெளியாள் எவரையும் பிரிக்கவிடாதீர்கள். பிரித்துவிட்டால், இன்று வலுவற்றதாக உள்ள நிறுவனத்தின் மறுப்புக்கு நீங்களே வலுவூட்டியவராவீர்கள். பொருளின் குறைபாட்டை ஆய்வின்றி முடிவுசெய்ய இயலாதபோது, அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆம் பிரிவு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. குறைபாடு உள்ளது என்பதை முதலில் காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதைக் காட்டிய பிறகு, பராமரிப்பு தவறினால் வாரண்டி செல்லாது என்ற விலக்கு விதியைச் சொல்லித் தப்ப முனையும் நிறுவனமே அவ்விதி இங்கே பொருந்துவதை மெய்ப்பிக்க வேண்டும் என்று நாம் உறுதியாக வாதிடலாம்.

விநியோக வேலைக்கு வண்டி பயன்படுவதால் நீங்கள் நுகர்வோர் அல்லர் என்ற வாதமும் வரும். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மையே. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துபவரை அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் காக்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள், அதுவே உங்கள் வருவாய் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

முறையீட்டை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் (வழக்குக்கு இடமளிக்கும் நிகழ்வு) எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 69-ஆம் பிரிவு. மறுப்புக் கடிதத்தின் நாளிலிருந்து கணக்கிடலாம் என்று சிலர் கூறுவர்; பழுதை நீங்கள் முதலில் அறிந்த நாளிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பானது. கடிதம் மேல் கடிதம் எழுதுவதால் காலவரம்பு நீளாது.

இப்போதைக்கு, விற்பனையாளர், உற்பத்தியாளர் இருவருக்கும் 15 நாள் அவகாசத்துடன் ஓர் அறிவிப்பை ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்புங்கள். எந்தப் பராமரிப்புத் தவறு எந்தப் பழுதை எவ்வாறு உண்டாக்கியது என்று விளக்குமாறு அதில் நேரடியாகக் கேளுங்கள். பேட்டரியை மாற்றித் தருவதையோ பழுது நீக்குவதையோ முதன்மையாகவும், வேலையிழப்புக்கான இழப்பீட்டைத் தனியாகவும் கோருங்கள். வெளி மெக்கானிக் தந்த ரசீதுகளை அறிவிப்புடன் இணைத்துவிடுங்கள். அங்கே நடந்தது செயினும் பிரேக் பேடும் மாற்றிய வேலை மட்டுமே என்பதற்கு அவையே சான்று.