பாணை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை

கேள்வி: எனக்கு வயது 36. காலையில் பாணோ இரவில் கொத்து ரொட்டியோ சாப்பிட்டால் வயிறு ஊதிவிடுகிறது. அடுத்த நாளும் தலை பாரமாக இருக்கும், ஒன்றிலும் மனம் ஊன்றாது. நான்கு மாதமாகக் கோதுமை மாவை நிறுத்தியிருக்கிறேன், ஓரளவு சுகம். போன மாதம் சீலியாக் நோய்க்கு இரத்தம் சோதித்தேன், இல்லை என்று வந்தது. அப்படியானால் எனக்கு என்ன? வாழ்நாள் முழுக்க நிறுத்த வேண்டுமா? பிள்ளைகளுக்கும் கொடுக்காமல் விடவா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்:

சகோதரி, அந்த ரிப்போர்ட்டை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சீலியாக் என்பது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடலின் நோயெதிர்ப்பே சிறுகுடலைத் தாக்கும் நோய். அது இருப்பவர் குளூட்டன் சாப்பிடும்போது உடலில் உருவாகும் எதிர்பொருளைத்தான் அந்தப் பரிசோதனை தேடுகிறது. நான்கு மாதம் கோதுமை தொடாதவரின் இரத்தத்தில் அது குறைந்துபோயிருக்கலாம். நோய் இருந்தாலும் இல்லையென்று வரலாம்.

ஆகவே வைத்தியரிடம் பேசி, குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். காலையில் இரண்டு துண்டு பாண், இரவில் ஒரு ரொட்டி போதும். ஐஜிஏ என்ற எதிர்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறப்பிலேயே ஐஜிஏ குறைந்தவர்களுக்கு நோய் இருந்தாலும் வழமையான பரிசோதனை இல்லையென்று காட்டலாம். 6 வாரம் தாங்க முடியாதென்றால் சீலியாக்குக்கு இடம்கொடுக்கும் டிகியூ2, டிகியூ8 என்ற மரபணுக்களைத் தேடும் பரிசோதனை இருக்கிறது. சாப்பாட்டால் அது மாறாது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் மட்டும் நோய் என்று அர்த்தமில்லை. சுகதேகிகள் பலரிடமும் அவை உண்டு.

எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத இரத்தச்சோகை இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரைக் காணுங்கள். கோதுமை சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் கீழே சொல்லும் வீட்டுச் சோதனையையோ மேலே சொன்ன 6 வாரத்தையோ தாமாகத் தொடங்கக் கூடாது.

சீலியாக்கும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை என்றால்தான் சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன் என்ற பேச்சுக்கு வரலாம். இதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. உங்கள் உபாதை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குற்றவாளி குளூட்டன்தானா என்பது வேறு கேள்வி. கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாச்சத்தும் உண்டு. சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். தமக்குக் குளூட்டன் ஒத்துவராது என்று நம்பிய 59 பேரை வைத்து ஒஸ்லோவில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் சோதித்தபோது, குளூட்டனைவிட ஃபிரக்டானே அதிகம் வயிற்றை ஊதவைத்தது.

வெங்காயத்திலும் உள்ளியிலும் ஃபிரக்டான் நிறைய. பருப்பிலும் வாயு உண்டாக்கும் வேறொரு மாச்சத்து இருக்கிறது. பாணுக்கு வெங்காயத்தில் செய்த சீனிச் சம்பலும் பருப்புக் கறியும் தொட்டுச் சாப்பிடும் கொழும்புக் காலைச் சாப்பாட்டில் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள். பாணை விட்டபோது சம்பலும் கூடவே குறைந்திருக்கும். சுகம் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

எனவே ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 6 வாரம் கோதுமை, பார்லி இல்லாமல், வெங்காயம், உள்ளி, பருப்பை வழமைபோலவே சாப்பிட்டு, ஊதல், வலி, தலைப்பாரத்துக்கு ஒவ்வோர் இரவும் 0 முதல் 10 வரை புள்ளி எழுதி வையுங்கள். கோதுமை சாப்பிட்டபோது இருந்ததைவிடப் புள்ளி மூன்றில் ஒரு பங்காவது குறையாவிட்டால் கோதுமை காரணமில்லை, பாணுக்குத் திரும்பலாம்.

குறைந்தால் வீட்டில் இன்னொருவர் உதவ வேண்டும். ஒரு வாரம் தோசை மாவில் தினமும் 100 கிராம் கோதுமை மா கலந்து (ஏறக்குறைய 8 கிராம் குளூட்டன்), ஒரு வாரம் இடைவெளி விட்டு, இன்னொரு வாரம் கலக்காமல் சுட்டுத் தரட்டும். எந்த வாரம் எது என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. தெரிந்து சாப்பிட்டால் பயமே வயிற்றைப் பிசையும். கோதுமை மாவைச் சுடுவதற்குச் சற்று முன்தான் கலக்க வேண்டும். இரவு முழுக்கப் புளித்தால் ஃபிரக்டான் குறைந்துவிடும். பிறகு கோதுமையில்லாமலே நான்கு நாள் வெங்காயம், உள்ளியை விட்டுவிட்டு, அடுத்த மூன்று நாள் தினமும் ஒரு பெரிய வெங்காயம் சாப்பிட்டுப் பாருங்கள். அதே ஊதல் வந்தால் ஃபிரக்டான் மீதுதான் சந்தேகம் பலமாகும்.

இந்தச் சோதனை பெரும்பாலும் குழம்புவது மறைந்திருக்கும் கோதுமையால். கடை இடியப்பத்திலும் புட்டிலும் கோதுமை மா கலந்திருக்கலாம். குரக்கன் பாணில் பாதிக்கு மேல் கோதுமையாக இருக்கலாம். ரவை கோதுமையேதான். கட்லட், றோல்ஸின் தூள், ஃபிரைட் றைஸில் ஊற்றும் சோயா சோஸ், பெருங்காயக் கட்டி, மோல்ட் பானங்கள் எல்லாவற்றிலும் லேபிளைப் பாருங்கள். சிவப்பரிசி மா, ஒடியல் மா, மரவள்ளி, வீட்டில் அரைத்த குரக்கன் நம்பலாம்.

காரணம் ஃபிரக்டான் என்றால் வாழ்நாள் தடையெல்லாம் வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். உள்ளியை எண்ணெயில் பொரித்துப் பல்லை எடுத்துவிடுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் இறங்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஒத்துக்கொள்ளும். கோதுமையே காரணம் என்று தெரிந்தாலும், சீலியாக் நோயாளர்போலத் தனிச் சட்டி, தனிக் கரண்டி தேவையில்லை. அரைத்துண்டு பாண் தாங்குகிறதா, ஒன்று தாங்குகிறதா என்று சில மாதத்துக்கொருமுறை பார்த்து உங்கள் எல்லையைக் கண்டுகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு நிறுத்த வேண்டாம். உங்களுக்குச் சீலியாக் உறுதியானால் அவர்களையும் சோதிக்க வேண்டும். அதுவரை அவர்கள் பாண் சாப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும்.